மெனிஞ்சைடிஸ்: கிருமி எந்த வாசல் வழியா வந்தது?

போன எபிசோடுக்கு அப்புறம் சில பேர் கேட்டிருந்தீங்க: "மூளைக்காய்ச்சல் ஆஸ்பத்திரியில இருக்கும்போதே வருமா?" வரும். நான் டாக்டர் இல்லை, கோட் எழுதுறவன். படிச்சுப் புரிஞ்ச அளவுக்குச் சொல்றேன்.

மூளையையும் தண்டுவடத்தையும் சுத்தி மெல்லிய உறைகள் இருக்கு. பாக்டீரியா அங்க புகுந்து அழற்சி உண்டாக்கினா அது பாக்டீரியல் மெனிஞ்சைடிஸ். வைரஸால வர்றதையும் நாம மூளைக்காய்ச்சல்னுதான் சொல்றோம்; அது இன்னைக்கு வேண்டாம்.

1993-ல 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்'ல ஒரு ஆய்வு வந்தது. பாஸ்டன்ல இருக்கிற மாசசூசெட்ஸ் ஜெனரல் ஹாஸ்பிடல்ல, 1962-லேர்ந்து 1988 வரைக்கும் பெரியவங்களுக்கு வந்த 493 கேஸ். அதுல 197, அதாவது 40 சதவீதம், ஆஸ்பத்திரியில தொற்றினது! மூளை ஆபரேஷன் நடக்கிற பெரிய ஆஸ்பத்திரி அது, அதனால இந்தக் கணக்கை எல்லா ஊருக்கும் பொருத்தக் கூடாது.

எனக்கு அதைவிட முக்கியமாப் பட்டது கிருமிகளோட பட்டியல். வெளியில தொற்றின கேஸ்கள்ல நியூமோகாக்கஸ் 37 சதவீதம், மெனிங்கோகாக்கஸ் 13, லிஸ்டீரியா 10. ஆஸ்பத்திரி கேஸ்கள்ல இந்த மூணும் சேர்ந்தே 8 சதவீதம்தான். அங்க மூணுல ஒண்ணு கிராம்-நெகட்டிவ் பேசிலஸ் வகை.

காரணம், நுழையிற வழி. நியூமோகாக்கஸ் நம்ம மூக்கு, தொண்டையில சும்மா தங்கியிருக்கும். பெரும்பாலும் ரத்தம் வழியா மூளை உறைக்குப் போகும். ஆஸ்பத்திரியில வாசலை நாமளே திறக்கிறோம்: மண்டை ஓட்டைத் திறந்து ஆபரேஷன், நீரை வடிக்க வைக்கிற டியூப், உள்ளேயே பொருத்துற ஷன்ட். தோல்ல இருக்கிற ஸ்டாஃபைலோகாக்கஸும், வார்டுல சுத்துற கிளெப்சியெல்லா, அசினெட்டோபாக்டர் மாதிரி கிருமிகளும் அந்த வழியா உள்ள போயிடும்.

ஒரே எரர் மெசேஜ், ஆனா பின்னாடி வேற வேற பக். கல்ச்சர் ரிசல்ட் வர நாளாகும். ஆன்டிபயாட்டிக்கை அதுவரைக்கும் தள்ளிப்போட முடியாது. அதனால டாக்டர் ஊகத்துல ஆரம்பிக்கிறார். வெளியிலேர்ந்து வந்தவருக்கு வழக்கமா செஃப்ட்ரையாக்சோன், கூட வான்கோமைசின். செஃப்ட்ரையாக்சோனுக்கு சூடோமோனாஸ் அடங்காது. அதனால ஆபரேஷன் ஆனவருக்கு அதோட இடத்துல மெரோபெனம், செஃப்டசிடைம் மாதிரி மருந்து.

கண்டுபிடிக்கிறதும் கஷ்டம். தலையில ஆபரேஷன் ஆனவருக்குத் தலைவலி, மயக்கம் எப்படியும் இருக்கும். முதுகுல ஊசி போட்டு எடுக்கிற நீர்லயும், ஆபரேஷனாலேயே வெள்ளை அணுக்கள் கூடியிருக்கும். அந்த பாஸ்டன் ஆய்வுல, ஒரே ஒரு தடவை வந்தவங்கள்ல இறந்தவங்க: வெளியில தொற்றினதுல 25 சதவீதம், ஆஸ்பத்திரியில தொற்றினதுல 35.

'ஆஸ்பத்திரியில தொற்றினது'ங்கிற பேரே கொஞ்சம் குழப்பும். ஷன்ட் வச்சவருக்கு வீட்டுக்குப் போய் மாசக்கணக்குல கழிச்சும் வரலாம். அதனால 2017-ல வந்த அமெரிக்க வழிகாட்டுதல்ல 'மருத்துவப் பராமரிப்பு சார்ந்த' தொற்றுன்னே பேர் வச்சாங்க. வீட்டுல அப்படி யாருக்காவது காய்ச்சல், வாந்தி, தூக்கக் கலக்கம் வந்தா, கேஷுவாலிட்டியில முதல்ல சொல்ல வேண்டியது "தலையில ஷன்ட் இருக்கு".

தடுப்பூசி பத்தின கேள்விகள் அடுத்த எபிசோட்ல.