சுவரில்லா வகுப்பறை – 9: ஐந்து இரவுகள்

போன வாரம் பார்த்த இங்கிலாந்தின் ஃப்ளாட்ஃபோர்டு மில் களப்படிப்பு மையத்துக்கு விருப்பமும் வசதியும் உள்ளவர்கள் போனார்கள். இந்த வாரம் நாம் போகப்போகும் இடத்தில், போவது யார் என்பதுதான் முக்கியமான விஷயம்.

அமெரிக்காவின் மேற்குக் கரையில், கலிஃபோர்னியாவுக்கு வடக்கே இருக்கிறது ஓரிகன் மாநிலம். அங்கே ஐந்தாம் அல்லது ஆறாம் வகுப்புப் பிள்ளைகள், பள்ளி நடக்கும் நாட்களிலேயே காட்டு முகாம் ஒன்றில் தங்கிப் படிக்கிறார்கள். ‘அவுட்டோர் ஸ்கூல்’ என்று பெயர். நல்ல முகாம்கள் உலகில் பல ஊர்களில் உண்டு. ஆனால் மாநிலத்தின் எல்லாப் பிள்ளைக்கும் இது கிடைக்க வேண்டும் என்று மக்களே வாக்குப் போட்டுச் சட்டமாக்கிய இடம், எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். பிறகு அந்தக் கதைக்கு வருகிறேன். முதலில் பிள்ளைகள் அங்கே என்ன செய்கிறார்கள் என்று பார்த்துவிடுவோம்.

பாடம் நான்காகப் பிரியும்: மண், நீர், தாவரம், விலங்கு. ஒரு நாளைக்கு ஒன்று. மண் நாளில் குழாய் போன்ற கருவியைத் தரைக்குள் இறக்கி மண்ணை எடுத்து, ஈரமாக்கி, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துப் பிதுக்குகிறார்கள். நாடா போல நீண்டு வந்தால் களிமண் அதிகம். உடனே உதிர்ந்தால் மணல் அதிகம்.

நீர் நாளில் கொஞ்சம் கூடுதலாகவே நிற்கலாம். ரப்பர் பூட்ஸ் போட்ட பிள்ளைகள் ஓடைக்குள் இறங்குகிறார்கள். ஒரு பிள்ளை வலையை நீரோட்டத்துக்கு எதிரே பிடித்துக்கொள்ள, இன்னொரு பிள்ளை அதற்கு மேல்பக்கம் நின்று காலால் கற்களைக் கிளறுகிறது. கல்லடியில் ஒட்டிக் கிடந்ததெல்லாம் தண்ணீரோடு வந்து வலையில் சேரும். அதை வெள்ளைத் தட்டில் கொட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தால், குப்பை என்று நினைத்தது நகர ஆரம்பிக்கும். மூன்று வால், வயிற்றின் இரு பக்கமும் விடாமல் படபடக்கும் செவுள்கள்: அது மேஃப்ளை பூச்சியின் இளம்பருவம். வால் இரண்டுதான், ஒவ்வொரு காலின் நுனியிலும் இரண்டு கொக்கி என்றால் ஸ்டோன்ஃப்ளை. மணலையும் குச்சித் துண்டுகளையும் தன் வாயில் சுரக்கும் பட்டு இழையால் ஒட்டிக் குழாய் வீடு கட்டி, அந்த வீட்டையும் இழுத்துக்கொண்டு ஊர்வது கேடிஸ்ஃப்ளை புழு. நம் மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளிலும் கல்லைப் புரட்டினால் இவற்றின் உறவுக்காரர்களைப் பார்க்கலாம்.

இவை பெரும்பாலும் அழுக்குத் தண்ணீரில் பிழைக்காதவை. குளிர்ந்த, ஆக்சிஜன் நிறைந்த ஓட்டம் வேண்டும். எனவே எது எத்தனை கிடைத்தது என்று எண்ணிக் குறித்தால் ஓடையின் ஆரோக்கியம் தெரிந்துவிடும். பிறகு வெப்பமானியை விட்டுப் பார்க்கிறார்கள். சிறு குப்பியில் தண்ணீர் எடுத்து, சொட்டுச் சொட்டாக ரசாயனம் விட்டு நிறம் மாறுவதை வைத்துக் கரைந்த ஆக்சிஜனைக் கணக்கிடுகிறார்கள். பூச்சி சொன்ன பதிலும் குப்பி சொன்ன பதிலும் ஒத்துப்போகிறதா என்று சரிபார்க்கும் அந்த இடத்தில் பதினோரு வயதுப் பிள்ளை விஞ்ஞானியின் வேலையைத்தான் செய்கிறது. அதற்கு வேறு பெயர் வைக்கத் தேவையில்லை.

ஒத்துப்போகாவிட்டால்? ஏன் என்று கேட்க வேண்டும். அப்போது மற்ற நாட்களின் பாடமும் கூட வந்துவிடும். கரையில் மரம் இருந்தால் ஓடைக்கு நிழல். நிழல் போனால் தண்ணீர் சூடாகும், சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகத்தான் கரையும், பூச்சி குறையும், பூச்சியைத் தின்று வளரும் சால்மன் குஞ்சுக்கு இரை இல்லாமல் போகும். அந்தச் சால்மன் கடலுக்குப் போய்ப் பெரிதாகி, பிறந்த ஆற்றுக்கே திரும்பி வந்து, முட்டையிட்டுச் சாகிற மீன். செத்த மீனைக் கரடியும் கழுகும் கரைக்கு இழுத்துப் போட, அதிலிருக்கும் நைட்ரஜன் கரையோர மரத்தின் வேருக்குப் போகிறது. மரம் மறுபடியும் ஓடைக்கு நிழல் தருகிறது.

போர்ட்லண்ட் நகரத்துப் பிள்ளைகள் போகும் முகாம்களில் சில சேண்டி ஆற்றங்கரையில் இருக்கின்றன. ஹூட் மலையின் பனியாறுகளில் பிறந்து கொலம்பியா ஆற்றில் கலக்கும் ஆறு அது. அதன் குறுக்கே இருந்த மார்மட் அணையை 2007-ல் இடித்து எடுத்துவிட்டார்கள். மீனுக்கு வழி திறந்தது. நீரோட்டம், அணை, மீன் என்று வகுப்பில் படித்தவை எல்லாம் அந்தப் பிள்ளைகளின் கண்ணெதிரே ஓடும் ஒரே ஆற்றில் இருக்கின்றன.

இனி, இதையெல்லாம் கற்றுத்தருவது யார் என்பது. திட்டத்தின் பணியாளர்கள் இருக்கிறார்கள். வகுப்பாசிரியரும் கூடவே வருகிறார். ஆனால் நாள் முழுக்கப் பிள்ளைகளோடு நடந்து, பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டு, இரவு அதே குடிலில் படுப்பவர்கள் மேல்நிலைப் பள்ளி மாணவர்கள். பதினாறு, பதினேழு வயதுதான். பயிற்சி எடுத்துக்கொண்டு, தங்கள் வகுப்புகளை ஒரு வாரம் விட்டுவிட்டுத் தன்னார்வலர்களாக வருகிறார்கள். முகாமுக்குள் அவர்களுக்குச் சொந்தப் பெயர் கிடையாது. மரம், பறவை, மேகம் என்று ஏதோ ஒன்றைப் பெயராகச் சூட்டிக்கொள்வார்கள். உண்மைப் பெயரைக் கண்டுபிடிக்கப் பிள்ளைகள் வாரம் முழுக்கத் துளைத்தெடுப்பார்கள்.

எல்லார் கழுத்திலும் ஒரு மரவில்லை தொங்கும். விரல் தடிமனுக்கு வட்டமாக அறுத்த கிளைத் துண்டு. ஓட்டை போட்டு, கயிறு கோத்து, பெயர் எழுதியது. ‘வுட் குக்கி’ என்பார்கள். ஒன்றைக் கற்றுக்கொண்டதற்கு, ஒருவருக்கு உதவியதற்கு என்று அந்தக் கயிற்றில் மணிகள் ஏறிக்கொண்டே போகும். வில்லையில் வளையங்களை எண்ணினால் கிளையின் வயது தெரியும் என்பதால் பெயர்ச்சீட்டே தாவரப் பாடமும் ஆகிவிடுகிறது. ஓரிகனில் வளர்ந்தவர்களில் பலர் பெரியவர்களான பிறகும் அந்த வில்லையைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். ஆனால் இந்தத் திட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தது வேறொரு சங்கிலி. ஆறாம் வகுப்பில் பிள்ளையாக வந்தவர், சில வருடம் கழித்து அதே குடிலுக்கு அண்ணனாக, அக்காவாகத் திரும்பி வருகிறார். வீட்டு நினைப்பில் அழும் சின்னப் பிள்ளையைத் தேற்ற, அங்கேயே அழுதுவிட்டுப் போனவரைவிடப் பொருத்தமானவர் யார்?

இப்போது பணம். போர்ட்லண்ட் இருக்கும் மல்ட்னோமா மாவட்டத்தில் இந்தத் திட்டம் 1966 முதல் நடக்கிறது. பள்ளி நிர்வாகங்களிடம் காசு இருந்தபோது ஒரு வாரம் போனார்கள். இல்லாதபோது மூன்று நாளாகச் சுருக்கினார்கள். மாநிலத்தின் பல ஊர்களில் பெற்றோர் பணம் திரட்டி அனுப்பினார்கள். திரட்ட முடியாத ஊர்ப் பிள்ளைகள் போகவில்லை. 2015-ல் சட்டமன்றம் இதற்கென ஒரு நிதியத்தை உருவாக்கியது. அதில் போடப் பணம்தான் ஒதுக்கவில்லை. அடுத்த ஆண்டு, 2016 நவம்பரில், ‘மெஷர் 99’ என்ற முன்மொழிவு நேராக மக்களின் வாக்குக்கு வந்தது. மாநில லாட்டரி வருமானத்தில் 4 சதவீதம் வரை, ஆண்டுக்கு அதிகபட்சம் 2 கோடியே 20 லட்சம் டாலர் இதற்குப் போக வேண்டும். விலைவாசிக்கு ஏற்ப உச்சவரம்பு உயரும். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வாக்கோடு அது நிறைவேறியது. ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் விரிவாக்கப் பிரிவு பணத்தைப் பள்ளிகளுக்குப் பிரித்துக் கொடுக்கிறது.

எதிர்ப்பும் இருந்தது. லாட்டரிப் பணம் வேலைவாய்ப்பையும் தொழிலையும் வளர்க்க வைத்திருப்பது, அதில் கை வைக்காதீர்கள் என்றார்கள். அதில் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் இந்த முகாம்கள் பெரும்பாலும் தொண்டு நிறுவனங்களும் தேவாலயங்களும் கோடை விடுமுறைக்காக நடத்துபவை. வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் காலியாகக் கிடப்பவை. பள்ளிகள் வந்தால் அங்கே சமையல்காரருக்கும் பராமரிப்பாளருக்கும் கூடுதல் மாதங்கள் வேலை. அவை அநேகமாகக் கிராமப்புறங்களில் இருப்பதால் அந்தப் பணம் கிராமத்துக்கே போகிறது. எனக்கு உறுத்துவது வேறு. சூதாட்டத்தில் மக்கள் இழக்கும் பணம் பிள்ளைகளின் படிப்புக்கு ஆதாரமாக இருப்பது நிம்மதியான ஏற்பாடு இல்லை. வருமானம் குறைந்தால் பங்கும் குறையும். வாக்கு ஜெயித்த கையோடு முழுத் தொகையும் வந்துவிடவும் இல்லை. 2017 முதல் இரண்டு ஆண்டுகளுக்குச் சட்டமன்றம் ஒதுக்கியது 2 கோடியே 40 லட்சம் டாலர். இரண்டு ஆண்டு உச்சவரம்பில் பாதியைச் சற்றே தாண்டும்.

2015 சட்டம் ஆறு பகல், ஐந்து இரவு என்று எழுதியிருக்கிறது. கூடவே, உள்ளூர்த் தேவைக்கேற்ற இணையான திட்டமும் ஏற்கப்படும் என்கிறது. அந்த இரண்டாம் வரியைப் பிடித்துக்கொண்டு மூன்று நாளோடு முடிப்பவர்கள் உண்டு. ஒன்றுமே இல்லாததற்கு மூன்று நாள் எவ்வளவோ மேல். ஆனால் முதல் இரவு பயத்தில் போகும். இரண்டாம் நாள் இடம் பழகும். கேள்வி கேட்க ஆரம்பிக்கிற நேரத்தில் பஸ் வந்து நின்றால், கொடுத்த காசுக்கும் பட்ட பாட்டுக்கும் பாதிப் பலன்தான். நான்கு பாடமும் ஓர் ஓடையில் வந்து சேர நான்கு முழு நாள் வேண்டும்.

பணத்தில் ஒரு பங்கு, வெளியிலிருந்து பார்ப்பவர் கண்ணில் படாத செலவுகளுக்குப் போகிறது. நீரிழிவு உள்ள பிள்ளைக்கு வேளை தவறாமல் இன்சுலின் போட ஒருவர் வேண்டும். சக்கர நாற்காலி ஓடைக்கரை வரை போகப் பாதை வேண்டும். பன்றி இறைச்சி சாப்பிடாத பிள்ளைக்குத் தனி உணவு வேண்டும். ஓரிகனின் மேற்குப் பகுதியில் வசந்தம் என்றாலே மழைதான். மழைக்கோட்டும் பூட்ஸும் தூக்கப் பையும் வாங்க முடியாத வீட்டுப் பிள்ளைக்கு யாராவது அவற்றைத் தர வேண்டும், அதுவும் வகுப்பில் மற்றவர் அறியாமல். எல்லாப் பிள்ளைக்கும் என்று வாக்குச்சீட்டில் எழுதுவது ஒரு நாள் வேலை. பூட்ஸ் அளவு கேட்டுக் குறித்து வாங்கி வைக்கும் வேலை ஒவ்வொரு வருடமும் முதலிலிருந்து தொடங்குகிறது.

(தொடரும்)