லெனின் காட்டிய முன்மாதிரி தபால் துறை! தெரியுமா?

நெய்வேலியின் முதல் அனல்மின் நிலையம் சோவியத் உதவியோடு எழுந்தது, 1962-இல் மின்சாரம் தந்தது என்பது குறிஞ்சிப்பாடி வட்டாரத்தில் பலருக்குத் தெரியும். அதே சோவியத் நாட்டின் தபாலாபீஸ் கதை தெரியுமா? கேட்டால் அசந்துபோவீர்கள்!

1917. தலைமறைவாக இருந்தபடி ரஷ்யப் புரட்சித் தலைவர் லெனின் 'அரசும் புரட்சியும்' நூலை எழுதுகிறார். சோசலிசப் பொருளாதாரத்துக்கு அதில் அவர் காட்டிய முன்மாதிரி எது? ஆலையா? பண்ணையா? இரண்டும் இல்லை, தபால் துறை! நாட்டின் மொத்தப் பொருளாதாரத்தையும் தபால் துறை மாதிரி ஒழுங்கமைப்பதே உடனடி இலக்கு என்கிறார்.

சில வாரங்களிலேயே புரட்சி. அன்றைய ரஷ்யத் தலைநகர் பெத்ரோகிராதில் லெனினின் போல்ஷெவிக் கட்சியினர் கைப்பற்றிய முக்கிய இடங்களில் தந்தி அலுவலகம், தபாலாபீஸ், தொலைபேசி நிலையம் மூன்றும் உண்டு! புரட்சியில் பங்கேற்ற அரோரா போர்க்கப்பல் என்றதும் எல்லோரும் அதன் பீரங்கியைத்தான் சொல்வார்கள். ஆனால் பழைய அரசு கவிழ்ந்துவிட்டது என்ற லெனினின் அறிவிப்பைக் காற்றில் பரப்பியது அந்தக் கப்பலின் கம்பியில்லாத் தந்தி!

இரண்டாம் உலகப் போரில் நடந்தது இன்னும் ஆச்சரியம். போர்முனையில் உறைக்குப் பஞ்சம். சோவியத் வீரர்கள் என்ன செய்தார்கள்? எழுதிய தாளையே முக்கோணமாக மடித்து, மேலே முகவரி எழுதி அனுப்பினார்கள். உறை இல்லை, பசை இல்லை, தபால்தலையும் இல்லை. வீரர்களின் கடிதத்துக்குக் கட்டணமே கிடையாது! ஒட்டாத கடிதம் என்பதால் தணிக்கை அதிகாரி பிரித்துப் படித்து முத்திரை குத்துவதும் எளிதாயிற்று. அந்தரங்கம் போயிற்றே என்று மனசு வலிக்கத்தான் செய்கிறது. ஆனாலும் ஒரு தாய்க்கு, மகன் உயிரோடிருக்கிறான் என்று சொன்னது அந்த முக்கோணம்தான். எத்தனையோ குடும்பங்கள் அவற்றை இன்றும் பொத்திப் பொத்தி வைத்திருக்கின்றன.

பின்கோடு? உலகின் முதல் அஞ்சல் குறியீடுகளில் ஒன்று சோவியத் உக்ரைனில் 1932-இலேயே வந்துவிட்டது! எண்களுக்கு நடுவே உக்ரைனைக் குறிக்கும் ஓர் எழுத்து. 1939-இல் அது நின்றுபோனது. பிறகு 1971-இல் சோவியத் நாடு முழுவதற்கும் ஆறு இலக்கக் குறியீடு. உறையில் அச்சிட்ட புள்ளிக் கட்டங்களின் மேல் எண்ணை எழுத வேண்டும், இயந்திரமே படித்துப் பிரித்துவிடும்! அடுத்த ஆண்டு, 1972 ஆகஸ்ட் 15 அன்று, இந்தியாவுக்கும் ஆறு இலக்கம் வந்தது. குறிஞ்சிப்பாடிக்கு 607302. முதலில் நிற்கும் 6 தமிழ்நாடும் கேரளமும் சேர்ந்த மண்டலம்.

வடதுருவப் பகுதி வரை விரிந்த சோவியத் நாட்டில் தொலைபேசிக் கம்பி எவ்வளவு தூரம் இழுப்பது? 1965-இல் 'மோல்னியா' செயற்கைக்கோளை நீள்வட்டப் பாதையில் அனுப்பினார்கள். பூமத்திய ரேகைக்கு மேல் நிற்கும் செயற்கைக்கோள் துருவப் பகுதிக்குச் சரியாகத் தெரியாது. இதுவோ ஒவ்வொரு சுற்றிலும் பல மணி நேரம் வடக்கு வானிலேயே உலவும்!

கம்யூனிஸ்ட் நாடுகளின் இந்தத் தகவல்தொடர்புக் கதையில் தமிழுக்கும் பங்குண்டு. சீன அரசு வானொலியின் தமிழ் ஒலிபரப்பு 1963-இல் தொடங்கியது. தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து பெய்ஜிங்குக்குத் தமிழிலேயே கடிதங்கள் பறந்தன!

இந்தியாவில் தபால் மத்திய அரசின் கையில். அதனால் 1957-இல் கேரளத்தில் ஆட்சிக்கு வந்த கம்யூனிஸ்டுகளால் அதைத் தொட முடியவில்லை. ஆனால் இணையம் விஷயத்தில் விடவில்லை! மின்வாரியக் கம்பங்களின் வழியே ஃபைபர் கேபிள் இழுத்து, 2023 ஜூன் 5 அன்று கே-ஃபோன் என்ற அரசு இணையச் சேவையைக் கம்யூனிஸ்ட் முதல்வர் பினராயி விஜயன் தொடங்கி வைத்தார். 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்பு என்பது அதன் இலக்கு.