கட்டி அடக்கி மரபணுக்களின் மாற்றுப் பிளவிணைப்பும் புற்றுநோய் முன்கணிப்பும்

மரபணுவில் எழுதியுள்ள அனைத்தும் புரதமாவதில்லை. மரபணுவிலிருந்து படியெடுக்கப்படும் ஆர்.என்.ஏ.வில் இன்ட்ரான்கள் வெட்டி நீக்கப்படுகின்றன, எக்ஸான்கள் ஒட்டப்படுகின்றன. எந்த எக்ஸானைச் சேர்ப்பது, எதை விடுவது என்பது செல்லுக்குச் செல் மாறலாம். இதுவே மாற்றுப் பிளவிணைப்பு. மரபணுக்கள் இவ்வாறு துண்டு துண்டாக அமைந்திருப்பதை 1977-இல் கண்டறிந்த ரிச்சர்ட் ராபர்ட்ஸ், பிலிப் ஷார்ப் இருவரும் 1993-இல் நோபல் பரிசு பெற்றனர்.

செல் கட்டுப்பாடின்றிப் பெருகாமல் தடுப்பவை கட்டி அடக்கி மரபணுக்கள். இவற்றிலும் வெட்டி ஒட்டும் முறை மாறினால் விளைவு மாறும். சிடிகேஎன்2ஏ என்னும் மரபணு இதற்கு வியப்பான சான்று. இதற்கு இரண்டு முதல் எக்ஸான்கள் உண்டு. அவற்றில் எது இரண்டாம் எக்ஸானுடன் சேர்கிறதோ அதற்கேற்பப் பி16 அல்லது பி14 என்னும் புரதம் உருவாகிறது. இரண்டாம் எக்ஸானின் எழுத்துகள் ஒன்றே. பிரித்துப் படிக்கும் இடம்தான் வேறு. நம் இலக்கணம் கூறும் பொதுமொழியை நினைத்துக்கொள்ளலாம்: 'பலகை' என்பது ஒரு பொருள், 'பல கை' என்பது வேறொரு பொருள்.

கேஎல்எஃப்6 மரபணுவில் விளைவு நேர்மாறாகவே போய்விடுகிறது. அதன் முழுப் புரதம் கட்டியை அடக்கும். எஸ்வி1 என்னும் குறுகிய வடிவம் கட்டிக்குத் துணைபோகும். புராஸ்டேட் புற்றில் இக்குறுகிய வடிவம் மிகுந்தவர்களின் நோய்ப்போக்கு மோசமாக இருந்தது. மார்பகப் புற்றில் வேறு விதம். பி53 மரபணு பழுதாகியிருந்தும் பி53 காமா என்னும் வடிவம் உருவான நோயாளிகளுக்கு, மரபணு பழுதாகாதவர்களைப் போலவே நல்ல முன்கணிப்பு இருந்ததென 2011-இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. ஆகவே மரபணு பழுதா என்று கேட்டால் மட்டும் போதாது. அதிலிருந்து எந்த வடிவம் வருகிறது என்றும் கேட்கவேண்டும்.

பெரம்பலூர், அதிலிருந்து 2007-இல் பிரிந்த அரியலூர் போன்ற ஊரக மாவட்டங்களில் பெண்களைத் தாக்கும் முக்கியப் புற்றுகளில் ஒன்று கருப்பைவாய்ப் புற்று. இதில் பெரும்பாலும் பி53 மரபணு பழுதாவதில்லை. மனிதப் பாப்பிலோமா வைரஸின் ஈ6 புரதம் நல்ல பி53 புரதத்தையே அழித்துவிடுகிறது. அந்த ஈ6-உம் பிளவிணைப்புக்கு உட்பட்டதுதான். உள்ளிருக்கும் இன்ட்ரான் வெட்டப்படாமல் தங்கினால் முழு ஈ6 உருவாகிப் பி53-ஐ அழிக்கும். வெட்டப்பட்டால் வரும் குறுகிய வடிவத்துக்கு அந்த ஆற்றல் இல்லை. ஈ7 என்னும் இன்னொரு வைரஸ் புரதம் ஆர்பி என்னும் கட்டி அடக்கியை முடக்குகிறது. அதன் விளைவாகச் செல்லில் பி16 குவிகிறது. திசுச் சோதனையில் பி16 சாயம் பார்ப்பது இதனால்தான்.

ஆயினும் கட்டி அடக்கிகளின் இத்தகைய வடிவங்களைக் கணக்கிடுவது இன்னும் வழக்கமான சிகிச்சை முடிவுகளுக்குள் வரவில்லை. ஆர்.என்.ஏ. எளிதில் சிதையும், ஃபார்மலினில் பதப்படுத்திய திசுவில் துண்டாகிக் கிடக்கும். பரம்பரைப் புற்றுக்கான டி.என்.ஏ. சோதனையிலும் ஒரு சிக்கல் உண்டு. எக்ஸான் எல்லையை ஒட்டிய சில மாற்றங்களை அறிக்கை 'பொருள் உறுதியாகாதவை' என்று குறிக்கும். அதைப் புற்றுநோய் உறுதி என்று எண்ணி அஞ்சுவோர் உண்டு, ஒன்றுமில்லை என்று விட்டுவிடுவோரும் உண்டு, இரண்டும் தவறு. பிளவிணைப்பு கெட்டிருக்கிறதா என்று ஆர்.என்.ஏ.வைப் பார்த்துத்தான் சொல்லமுடியும்.

2022 ஜனவரியில் தமிழகத்தில் தொடங்கிவைக்கப்பட்ட 11 அரசு மருத்துவக் கல்லூரிகளில் அரியலூரும் ஒன்று. ஆனால் கருப்பைவாய்ப் புற்றின் முன்கணிப்பை இன்று பெரிதும் தீர்மானிப்பது நோய் எந்த நிலையில் கண்டறியப்படுகிறது என்பதே. அதற்குப் பெரிய ஆய்வகம் தேவையில்லை. திண்டுக்கல் மாவட்டத்தில் 30 முதல் 59 வயதுப் பெண்களுக்கு அசிட்டிக் அமிலம் தடவிக் கண்ணால் பார்க்கும் சோதனை ஒரே ஒருமுறை செய்யப்பட்டது. கருப்பைவாய்ப் புற்று 25 விழுக்காடும், அதனால் நேரும் இறப்பு 35 விழுக்காடும் குறைந்ததாக 2007-இல் முடிவு வெளியானது. சோதனைக்குச் சில நிமிடங்களே ஆகும். மாதவிடாய் நின்றபின் இரத்தப்போக்கு, உறவுக்குப்பின் இரத்தக்கசிவு ஆகியவை இருந்தால் அடுத்த சோதனை முகாம் வரை காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் செல்லவேண்டும்.