ஷிப்ட் முடிந்தபின் இன்னொரு தறி

நியூயார்க்கில் காலை ஒன்பது மணி ஆகும்போது காஞ்சிபுரத்தில் மாலை ஆறரை. அங்கே குளிர்காலம் என்றால் ஏழரை. ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் ஜெனரல் ஷிப்ட் முடித்தவர்களைக் கம்பெனி பஸ்கள் ஊருக்குள் கொண்டுவந்து இறக்குகிற நேரமும் ஏறக்குறைய அதுதான். வீடு வந்து, குளித்து, சாப்பிட்டு லேப்டாப்பைத் திறந்தால், அமெரிக்க வாடிக்கையாளர் அப்போதுதான் தன் நாளைத் தொடங்கியிருப்பார். பகலில் மாதச் சம்பளம், இரவில் ஆன்லைனில் ஒரு கூலி என்ற ஏற்பாட்டைச் சாத்தியமாக்குவது முதலில் இந்தக் கடிகாரக் கணக்கு. ஏ, பி, சி என்று வாரந்தோறும் ஷிப்ட் மாறுபவர்களுக்கு இது பொருந்தாது. தூக்கமும் கெட்டு, சொன்ன நேரத்தில் வேலையும் முடியாமல் போகும். அவர்கள் நேரத்தோடு கட்டப்படாத வேலைகளை மட்டும் எடுப்பதே நல்லது.

சம்பளம் இருக்கும்போது இன்னொன்று எதற்கு என்று கேட்பவர்களுக்கு இந்தப் பக்கத்து ஊரே பதில் சொல்லும். ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டது. நிரந்தரம் என்று நம்பி வாகனக் கடனும் வீட்டுக் கடனும் வாங்கியிருந்த குடும்பங்கள் ஒரே ஆண்டில் தெருவுக்கு வந்த கதையை இந்த மாவட்டம் மறக்கவில்லை. இரண்டாவது வருமானத்தைத் தேடுவதைப் பேராசை என்று சொல்ல என்னால் முடியாது.

அப்படித் தேடுபவர்கள் செய்யும் வேலைகள் பல. மொழிபெயர்ப்பு, வீடியோவுக்கு வசனவரி எழுதுவது, கணக்குப் புத்தகம் பார்ப்பது, லோகோ, வெப்சைட், வீடியோ எடிட்டிங் எல்லாம் எங்கிருந்தும் செய்யக்கூடியவை. காஞ்சிபுரத்துக்கே உரிய சிலவும் உண்டு. காந்தி ரோட்டுப் பட்டுக்கடைகளுக்குப் புடவைப் படங்களைத் திருத்தி அடுக்குவது, இன்ஸ்டாகிராம் பக்கத்தை நடத்துவது, தறியின் ஜக்கார்டு இயந்திரத்துக்கான டிசைனைக் கம்ப்யூட்டரில் வரைந்து கொடுப்பது. ஒரு காலத்தில் கிராஃப் தாளில் கட்டம் கட்டமாக நிரப்பி, அதைப் பார்த்து அட்டை குத்திய வேலை இது. இப்போது மென்பொருளில் வரைந்து கோப்பாக அனுப்பிவிடலாம். தறிச் சத்தத்தில் வளர்ந்து, கையில் ஒரு டிப்ளமோவும் உள்ள பிள்ளைக்குச் சென்னையில் உள்ள எந்த டிசைனரைவிடவும் இதில் கூடுதல் பிடிமானம் உண்டு. எந்தப் பூ முந்தியில் எடுபடும், எத்தனை இழைக்குமேல் கரை கனத்துப்போகும் என்பதை வகுப்பில் கற்றுக்கொள்ள முடியாது.

கூலியின் பழைய கணக்கு

வீட்டில் இருந்தபடி, செய்த பொருளுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குவது இந்த ஊருக்குப் புதியதல்ல. பிள்ளையார்பாளையத்துத் தறிவீடுகளில் நடந்ததும் நடப்பதும் அதுவே. மாஸ்டர் வீவர் பாவு கொடுப்பார், ஊடை கொடுப்பார், ஜரிகை கொடுப்பார், டிசைனும் அவருடையது. நெய்து கொடுத்தால் புடவைக்கு இவ்வளவு. கோர்வைப் புடவையில் உடலுக்கும் கரைகளுக்கும் தனித்தனி நாடா, மொத்தம் மூன்று. அதை ஓட்ட நெசவாளருக்குப் பக்கத்தில் இன்னோர் ஆள் வேண்டும். அந்த ஆள் பெரும்பாலும் வீட்டில் ஒருவராகவே இருப்பார். ஊடை நூலைத் தாராகச் சுற்றுவது பெண்கள். இத்தனை கைகளுக்கும் சேர்த்துக் கூலி ஒன்றுதான். அந்தப் புடவையை யார் வாங்கினார், என்ன விலைக்குப் போனது என்பது நெய்தவர் காதுக்கு எட்டாது.

ஆன்லைன் வேலைத்தளம் இந்த இடத்தில்தான் மாஸ்டர் வீவரின் நாற்காலியில் உட்காருகிறது. வாடிக்கையாளரைக் கொண்டுவருவது அது, பணத்தைப் பிடித்துவைத்துக் கொடுப்பதும் அது, விதிகளை மாற்றுவதும் அது. ஃபைவர் தளம் நம் வரவில் 20 விழுக்காட்டை எடுத்துக்கொள்கிறது. எலான்ஸ், ஓடெஸ்க் என்ற இரண்டு தளங்கள் 2013இல் இணைந்து உருவான தளம் 2015இல் அப்வொர்க் என்று பெயர் மாறியது. அது 2023இல் எல்லோருக்கும் 10 விழுக்காடு என்றது. 2025இல் புதிய ஒப்பந்தங்களுக்கு வேலையைப் பொறுத்து 0 முதல் 15 வரை என்று மாற்றியது. வேலைக்கு விண்ணப்பிக்கவே ‘கனெக்ட்ஸ்’ என்ற சீட்டுகளைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். வேலை கிடைக்காவிட்டாலும் அந்தக் காசு போனதுதான்.

ஓர் எடுத்துக்காட்டு போட்டுப் பார்க்கலாம். 5,000 ரூபாய்க்கு ஒரு லோகோ வேலை. தளத்தின் பங்கு 20 விழுக்காடு போனால் 4,000. வரைவதற்கு எட்டு மணி நேரம் என்று மனத்தில் கணக்குப் போட்டு, மணிக்கு 500 ரூபாய் என்று மகிழ்கிறோம். ஆனால் வாடிக்கையாளரோடு பேசியது இரண்டு மணி நேரம். ‘நிறத்தைக் கொஞ்சம் மாற்றுங்கள்’ என்று மூன்று முறை திருப்பி அனுப்பியதில் மூன்று மணி நேரம். இந்த ஒரு வேலை கிடைப்பதற்குமுன் கிடைக்காத வேலைகளுக்கு எழுதிய விண்ணப்பங்களில் மூன்று மணி நேரம். ஆக 16 மணி நேரம்; மணிக்கு 250 ரூபாய். டாலரை ரூபாயாக மாற்றும்போது வங்கியோ பேபாலோ பிடித்துக்கொள்வது தனி. தார் சுற்றியவருக்குக் கூலி போடாமல் புடவைக் கணக்கு எழுதுவதும் இதுவும் ஒரே தவறுதான். அந்த வீடுகள் வேறு வழியில்லாமல் விட்ட கணக்கை, வழியிருக்கும் நாமும் விட்டுவிடக் கூடாது.

இந்த 250 ரூபாயோடு ஒப்பிட இன்னோர் எண் உண்டு. ஆலைத் தொழிலாளிக்கு ஓவர்டைம் என்றால் சட்டப்படி வழக்கமான கூலியைப் போல இரு மடங்கு தர வேண்டும். ஓவர்டைம் கிடைக்கிற ஆலையில் இருப்பவர், இரவில் கண்விழித்து லோகோ வரைவதற்குமுன் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்க வேண்டும். பல நேரம் ஓவர்டைமே மிஞ்சும். ஆனால் ஓவர்டைமில் கைத்திறன் வளராது, வெளி வாடிக்கையாளரும் சேரமாட்டார். முதல் சில மாதங்கள் குறைந்த கூலிக்கு ஆன்லைனில் உழைப்பதை அதற்கான முதலீடு என்று எடுத்துக்கொள்ளலாம். எத்தனை மாதம் என்பதை மட்டும் தொடக்கத்திலேயே குறித்துவைத்துவிட வேண்டும்.

கம்பெனிக்குத் தெரிந்தால்?

எல்லோருக்கும் உள்ள பயம் இது. 2022 செப்டம்பரில் விப்ரோ தலைவர் ரிஷாத் பிரேம்ஜி, போட்டி நிறுவனங்களுக்கும் சேர்த்து வேலை செய்த 300 பேரை நீக்கியதாக அறிவித்தபோது இந்தப் பயம் நாடு முழுக்கப் பரவியது. அதற்கு முந்தைய மாதம்தான் ஸ்விகி, பணி நேரத்துக்கு வெளியே ஊழியர்கள் பக்க வேலை செய்ய வழிவிட்டிருந்தது. முதலில் எச்சரித்த இன்ஃபோசிஸ், அக்டோபரில் மேலாளரின் அனுமதியோடு சில வேலைகளைச் செய்யலாம் என்றது. ஒரே கேள்வி, மூன்று நிலைப்பாடு.

சட்டம் என்ன சொல்கிறது? 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் தடுத்தது ஒரே நாளில் இரண்டு தொழிற்சாலைகளில் வேலை செய்வதை. வீட்டில் உட்கார்ந்து மொழிபெயர்ப்பது அதில் வராது. ஆகவே உண்மையான கட்டுப்பாடு உங்கள் நியமன ஆணையில்தான் இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த மகிழ்ச்சியில் கையெழுத்துப் போட்டுப் பீரோவில் வைத்த அந்தத் தாளை வெளியே எடுத்துப் படியுங்கள். ‘முழு நேரமும் நிறுவனத்துக்கே’ என்றோ, ‘எழுத்து அனுமதியின்றி வேறு வேலை கூடாது’ என்றோ இருந்தால், கேட்டுவிட்டுச் செய்வதுதான் பாதுகாப்பு. அப்படி எதுவும் இல்லாவிட்டாலும் மூன்று கோடுகளைத் தாண்டக் கூடாது: போட்டி நிறுவனத்துக்கு உழைப்பது, கம்பெனி லேப்டாப்பையோ மென்பொருளையோ பயன்படுத்துவது, பணி நேரத்தில் செய்வது. வேலை போன பலரின் கதையில் இந்த மூன்றில் ஒன்று இருக்கும்.

அரசு ஊழியர் என்றால் நடத்தை விதிகள் இன்னும் இறுக்கம். முன் அனுமதி இல்லாமல் தனியார் வேலையோ வியாபாரமோ கூடாது. எப்போதாவது செய்யும் இலக்கிய, கலை முயற்சிகளுக்கு விதிகளில் இடம் உண்டு. பொதுத்துறையான பாரத் எலக்ட்ரானிக்ஸில் பொறியாளராக இருந்துகொண்டே சுஜாதா எழுதிக் குவித்ததைத் தமிழ் வாசகர்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை.

பகல் வேலையின் மதிப்பைச் சம்பளத்தை மட்டும் வைத்து அளந்துவிடவும் கூடாது. அதோடு பி.எஃப். வருகிறது. மாதம் 21,000 ரூபாய் வரை வாங்குபவருக்கு இ.எஸ்.ஐ. மருத்துவம் வருகிறது. ஆன்லைன் கூலியில் இவை இல்லை. சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு (2020) தளவழித் தொழிலாளர்களைச் சட்டத்துக்குள் கொண்டுவந்து, தள நிறுவனங்கள் தம் விற்றுமுதலில் 1 முதல் 2 விழுக்காடு நலநிதிக்குத் தர வேண்டும் என்கிறது. அது வெளிநாட்டுத் தளத்தில் லோகோ வரைபவரின் கைக்கு வந்து சேரும்வரை பகல் வேலையை விட்டுவிடாமல் இருப்பதே என் அறிவுரை.

முன்பணம் கேட்டால் மோசடி

வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் ‘வீட்டில் இருந்தே நாளுக்கு ஆயிரக்கணக்கில்’ என்று வரும் செய்திகளைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை எழுத முடியாது. வீடியோவுக்கு லைக் போடுங்கள், ஹோட்டலுக்கு மதிப்பீடு எழுதுங்கள் என்று தொடங்கும். முதல் நாள் சில நூறு ரூபாய் உண்மையிலேயே வரும். அந்த நம்பிக்கையில்தான் ‘பெரிய டாஸ்க்’ செய்ய டெபாசிட் கேட்பார்கள். அதை மீட்க இன்னொரு டெபாசிட். 2023 டிசம்பரில் இப்படிப்பட்ட பகுதி நேர வேலை மோசடித் தளங்கள் நூற்றுக்கும் மேற்பட்டவற்றை ஒன்றிய அரசு முடக்கியது. புதியவை முளைத்தபடிதான் இருக்கின்றன. வேலை கொடுப்பவர் நம்மிடம் பணம் கேட்கமாட்டார். கேட்டால் அது வேலை அல்ல. இழந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். முதல் சில மணி நேரத்தில் சொன்னால்தான் பணத்தை வங்கியில் நிறுத்திவைக்க வாய்ப்பு. ‘உங்கள் வங்கிக் கணக்கைக் கொஞ்ச நாள் கொடுங்கள், கமிஷன் தருகிறோம்’ என்பது இதைவிட ஆபத்து. அங்கே பணம் மட்டும் போகாது, வழக்கும் உங்கள் பெயரில் வரும்.

வரி, ரசீது, பாக்கி

ஆன்லைன் வரவு சம்பளம் ஆகாது, தொழில் வருமானம். அதனால் வழக்கமாகப் போடும் ஐ.டி.ஆர்-1 படிவம் செல்லாது. 3 அல்லது 4 வேண்டும். மென்பொருள், தொழில்நுட்ப ஆலோசனை போன்ற குறிப்பிட்ட தொழில்களில் வரவில் பாதியை லாபம் என்று காட்டிவிட்டு, விரிவான கணக்குப் புத்தகம் இல்லாமல் முடிக்கும் வழி உண்டு. உங்கள் வேலை அந்தப் பட்டியலில் வருமா என்பதை ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். புதிய வரிமுறையில் 2025–26 நிதியாண்டு முதல் 12 லட்சம் வரை மொத்த வருமானம் உள்ளவருக்குத் தள்ளுபடியால் வரி வராது. கணக்குத் தாக்கல் செய்ய வேண்டாம் என்று இதற்குப் பொருள் இல்லை. ஜி.எஸ்.டி. பதிவு, சேவை வரவு ஆண்டுக்கு 20 லட்சத்தைத் தாண்டினால்தான். சம்பளம் அதில் சேராது.

வெளிநாட்டுப் பணத்துக்கு வங்கி தரும் வரவுச் சான்றை ஒவ்வொரு முறையும் சேமித்துவையுங்கள். பின்னாளில் கடன் கேட்கும்போது அதுதான் வருமானச் சான்று.

பாக்கி தராமல் இழுத்தடிக்கும் உள்ளூர் வாடிக்கையாளருக்கு ஒரு வழி இருக்கிறது, பலருக்கு அது தெரியவில்லை. உத்யம் பதிவு இலவசம். தனியாளாகச் சேவை செய்பவரும் குறுந்தொழிலாகப் பதியலாம். பதிந்தவருக்கு, 2006ஆம் ஆண்டின் சிறு, குறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, வேலையை வாங்கியவர் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி விகிதத்தின் மும்மடங்கு கூட்டு வட்டி. கடையோடு மாதக்கணக்கில் மனக்கசப்பை வளர்ப்பதைவிட, முதல் பில்லிலேயே பதிவு எண்ணைப் போட்டுக் கொடுப்பது நல்லது.

புடவை டிசைன் வரைபவர்கள் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும். மொழிபெயர்ப்போ கட்டுரையோ எழுதினால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை முதல் உரிமை எழுதியவருக்கு. 2000ஆம் ஆண்டின் டிசைன் சட்டத்தில் நிலை வேறு: விலை கொடுத்து வரையச் சொன்னவரே அந்த டிசைனின் உரிமையாளர். நீங்கள் வரைந்த மாங்காயும் யாளியும் எத்தனை நூறு புடவையில் ஓடினாலும் உங்களுக்குக் கிடைப்பது அந்த ஒரு தடவைக் கூலிதான். அதனால் விலை பேசும்போது, வரைய ஆகும் நேரத்தை மட்டும் பாராமல், அது எத்தனை தறிக்குப் போகும் என்பதையும் கேளுங்கள். பாதியை முன்பணமாக வாங்குங்கள். எத்தனை திருத்தம் இலவசம் என்பதையும், பிற வாடிக்கையாளருக்கு மாதிரியாகக் காட்ட அந்த டிசைனை நீங்கள் வைத்துக்கொள்ளலாமா என்பதையும் வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்கிவிடுங்கள். காமாட்சியம்மன், முருகன், அறிஞர் அண்ணா பெயர்களில் நெசவாளர்கள் கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்துக் கூலியைப் பேசும் பலம் பெற்ற ஊர் இது. டிசைனர்களும் நாலு பேர் சேர்ந்து அப்படி ஒரு சங்கத்தைத் தொடங்கலாம்; இதுவரை யாரும் கூப்பிட்டு உட்கார வைக்கவில்லை, அவ்வளவே.