செய்தி வாசித்த பெண்களே செய்தியான வாரம்

உங்கள் பள்ளியில் காலை வழிபாட்டில் செய்தி வாசிப்பது யார்? தமிழ்த்தாய் வாழ்த்து முடிந்ததும் ஒருவர் திருக்குறள் சொல்வார். அடுத்தவர் கையில் ஒரு துண்டுத் தாளோடு மைக் முன்னால் வந்து, "இன்றைய முக்கியச் செய்திகள்" என்று தொடங்குவார். வெயில் ஏறிக்கொண்டிருக்கும். கடைசி வரிசையில் யாராவது கால் மாற்றி நிற்பார்கள். டெல்லியில் இது நடந்தது, சென்னையில் அது நடந்தது, வெளிநாட்டில் தேர்தல்... எங்கோ யாரோ செய்ததைத்தான் தினமும் வாசிக்கிறோம். நம் பள்ளியில் பிளஸ் ஒன் படிக்கும் அக்கா என்ன செய்தார் என்பது அந்தத் துண்டுத் தாளில் வருவதில்லை.

2022 ஆகஸ்ட் மாதத்தில் ஒரு வாரம் மட்டும் வந்தது!

மதுரைக்குப் பக்கத்தில் இருக்கிறது திருமங்கலம். அங்குள்ள அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளியைச் சேர்ந்த 10 மாணவியரின் உழைப்பு, ஆகஸ்ட் 7 ஞாயிற்றுக்கிழமை காலையில் ராக்கெட் ஏறியது. அவர்கள் மட்டுமல்ல. நாடு முழுவதும் 75 அரசுப் பள்ளிகள், பள்ளிக்கு 10 பேர் என மொத்தம் 750 மாணவியர். எல்லோரும் சேர்ந்து உருவாக்கிய செயற்கைக்கோளின் பெயர் 'ஆசாதிசாட்'. 'ஆசாதி' என்றால் விடுதலை. நாடு விடுதலை பெற்று 75 ஆண்டுகள் நிறைவதைக் கொண்டாடத்தான் 75 பள்ளிகள். சென்னையில் உள்ள 'ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியா' என்ற அமைப்பு இவர்களுக்கு வழிகாட்டியது. அறிவியல், பொறியியல் பக்கம் பெண் பிள்ளைகள் நிறைய வர வேண்டும் என்பதற்காகவே மாணவியரை மட்டும் சேர்த்தார்கள்.

முட்டை எடை... புத்தகப்பை எடை!

செயற்கைக்கோள் என்றதும் பெரிய பஸ் அளவுக்குக் கற்பனை செய்யாதீர்கள். ஆசாதிசாட்டின் மொத்த எடை சுமார் 8 கிலோதான். சில பேருடைய புத்தகப்பை அதைவிடக் கனமாக இருக்கும்! (இதைப் படிக்கும் அம்மா அப்பாக்களும் கொஞ்சம் கவனிக்கவும்.)

அந்த 8 கிலோவுக்குள் 75 சின்னச் சின்னக் கருவிகள் இருந்தன. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 50 கிராம். மதிய உணவில் உங்கள் தட்டில் விழுகிறதே ஒரு முட்டை, கிட்டத்தட்ட அந்த எடை! ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு 'முட்டை'. இவை போக, ஹாம் ரேடியோ ஆர்வலர்கள் பேசிக்கொள்ள உதவும் ஒரு கருவி, விண்வெளியில் கதிர்வீச்சை அளக்கும் ஒரு கருவி, தன் சூரியத் தகடுகளைத் தானே படம் பிடித்துக்கொள்ளும் ஒரு செல்ஃபி கேமரா ஆகியவையும் உள்ளே இருந்தன.

மாணவியருக்கு என்ன வேலை? 'ஆர்டினோ' என்று ஒரு சிறிய மின்னணுப் பலகை உண்டு. உள்ளங்கையில் அடங்கும். அதில் ஓர் உணரியை இணைத்தால், சுற்றிலும் எவ்வளவு வெப்பம் இருக்கிறது என்பதைப் போன்ற விவரங்களை எண்ணாகச் சொல்லும். ஆனால், தானாகச் சொல்லாது. "எப்போது அளக்க வேண்டும்? அளந்ததை எங்கே அனுப்ப வேண்டும்? எத்தனை விநாடிக்கு ஒருமுறை?" எல்லாவற்றையும் நாம்தான் வரி வரியாக எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்குப் பெயர்தான் நிரல்.

நிரல் எழுதிப் பார்த்தவர்களுக்கு ஒரு கஷ்டம் தெரியும். இந்த மொழியில் ஒரு கட்டளை முடிந்ததும் அரைப்புள்ளி வைக்க வேண்டும். அதை ஓர் இடத்தில் மறந்தாலும் நிரல் ஓடாது. தமிழ்ப் பரீட்சையில் புள்ளி விட்டால் அரை மதிப்பெண்தான் போகும். இங்கே வேலையே நின்றுவிடும்! எந்த வரியில் விட்டோம் என்று கண்கள் வலிக்கத் தேட வேண்டும். வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாத பிள்ளைகள் நிறையப் படிக்கும் பள்ளிகளில் இதைக் கற்றுக்கொண்டார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிறு காலை மணி 9.18

ராக்கெட்டும் புதுசு. பெயர் எஸ்.எஸ்.எல்.வி. சிறிய செயற்கைக்கோள்களைக் குறைந்த செலவில், குறைந்த நாட்களில் அனுப்புவதற்காக இஸ்ரோ உருவாக்கியது. உயரம் 34 மீட்டர், அதாவது பத்து மாடிக் கட்டடம் அளவு. எடை 120 டன். அதற்கு அதுதான் முதல் பயணம். உள்ளே முக்கியப் பயணியாக இஸ்ரோவின் இ.ஓ.எஸ்-02 என்ற 135 கிலோ செயற்கைக்கோள். கூடவே நம் ஆசாதிசாட்.

ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவுவதைப் பொதுமக்கள் பார்ப்பதற்கென்று ஒரு மாடம் இருக்கிறது. பல ஊர்களிலிருந்து வந்த மாணவியர் அன்று அங்கே உட்கார்ந்திருந்தார்கள். சரியாக 9.18. நெருப்பைக் கக்கிக்கொண்டு ராக்கெட் கிளம்பியது. முதல் அடுக்கு எரிந்து விழுந்தது. இரண்டாம் அடுக்கும் அப்படியே. மூன்றாவதும் சரியாக வேலை செய்தது. மாடத்தில் ஒரே கைத்தட்டல்!

அப்புறம்தான் கட்டுப்பாட்டு அறையில் முகங்கள் மாறின. கடைசிக் கட்டத்தில் ராக்கெட்டிலிருந்து தகவல் சரியாக வரவில்லை என்று இஸ்ரோ தலைவர் சோம்நாத் அறிவித்தார். சில மணி நேரம் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பிற்பகலில் இஸ்ரோ உண்மையைச் சொல்லிவிட்டது. பூமியைச் சுற்றி 356 கிலோமீட்டர் உயரத்தில் வட்டப் பாதையில் விட வேண்டிய செயற்கைக்கோள்கள், ஒரு பக்கம் 356 கிலோமீட்டர், மறுபக்கம் வெறும் 76 கிலோமீட்டர் என்ற நீள்வட்டப் பாதையில் விடப்பட்டிருந்தன. இனி அவை பயன்படாது.

"76 கிலோமீட்டரும் உயரம்தானே? விமானமே 10, 11 கிலோமீட்டரில்தானே பறக்கிறது?" என்று நீங்கள் கேட்பது சரி. ஆனால், செயற்கைக்கோளின் வேகத்தைப் பாருங்கள். ஒரு விநாடிக்குக் கிட்டத்தட்ட 7.7 கிலோமீட்டர்! அந்த வேகத்தில் போனால் திருமங்கலத்திலிருந்து மதுரைக்கு மூன்றே விநாடி. 76 கிலோமீட்டர் உயரத்தில் காற்று மிக மிக மெல்லியது என்றாலும், இந்த வேகத்தில் வருவதைப் பிடித்து இழுக்க அது போதும். வேகம் குறையும், சூடாகும், கீழே வந்துவிடும். அப்படித்தான் ஆனது. 75 'முட்டை'களும் போயின.

வாரத்தின் மற்ற நாட்கள்

மறுநாள் திங்கட்கிழமை. நாடு முழுவதும் பத்திரிகைகளில் இதுதான் செய்தி. அன்று வழிபாட்டில் செய்தி வாசிக்க வேண்டிய மாணவி நானாக இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று யோசித்துப் பார்த்தேன். "நம் மாணவியர் செய்த செயற்கைக்கோள் விண்ணுக்குச் சென்றது" என்று வாசிப்பதா? "பயன்படாமல் போனது" என்று வாசிப்பதா? இரண்டுமே உண்மை. இரண்டையும் வாசித்துவிட்டு, அடுத்த செய்திக்குப் போவதற்கு முன் தண்ணீர் குடித்திருப்பேன்.

அடுத்த செய்திக்குப் பஞ்சமே இல்லாத வாரம் அது. இங்கிலாந்தின் பர்மிங்காமில் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டி முடியும் நேரம். ஞாயிறன்று குத்துச்சண்டையில் நிகத் ஜரீனுக்குத் தங்கம். திங்களன்று பாட்மின்டனில் பி.வி. சிந்துவுக்குத் தங்கம்.

இந்தப் பக்கம் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட்! இந்தியாவில் அந்தப் போட்டி நடந்தது அதுவே முதல் முறை. வேட்டி சட்டை கட்டிய குதிரை 'தம்பி'யை ஞாபகம் இருக்கிறதா? அரசுப் பள்ளிகளில் அதற்கு முன்பே செஸ் போட்டிகள் வைத்ததால், அதுவரை காய் நகர்த்தத் தெரியாத பிள்ளைகள்கூடச் செஸ் பேச ஆரம்பித்திருந்தார்கள். செவ்வாய்க்கிழமை, ஆகஸ்ட் 9, கடைசிச் சுற்று. பெண்கள் பிரிவில் முதலிடத்தில் இருந்தது இந்திய 'ஏ' அணி. கொனேரு ஹம்பி, ஹரிகா, நம் சென்னை வைஷாலி, தானியா சச்தேவ், பக்தி குல்கர்னி. தங்கம் நிச்சயம் என்றே எல்லோரும் நினைத்தார்கள். கடைசிச் சுற்றில் அமெரிக்காவிடம் தோற்றார்கள். தங்கம் உக்ரைனுக்கு, வெள்ளி ஜார்ஜியாவுக்கு, வெண்கலம் நமக்கு. ஒலிம்பியாடில் இந்தியப் பெண்கள் அணி பெற்ற முதல் பதக்கமே அதுதான். சந்தோஷப்படுவதா, வருத்தப்படுவதா என்று தெரியாத செய்தி அந்த வாரத்தில் இது இரண்டாவது! ஹரிகா அப்போது நிறைமாதக் கர்ப்பிணியாக இருந்தும் வந்து விளையாடினார் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சனி, ஞாயிறு, திங்கள் மூன்று நாட்களும் வீடுகளில் தேசியக் கொடி பறந்தது. ஆகஸ்ட் 15 அன்று பள்ளிகளில் கொடியேற்றி மிட்டாய் கொடுத்தார்கள். விடுதலையின் பெயரைச் சூட்டிய செயற்கைக்கோள் மட்டும் மேலே இல்லை.

தப்பு எங்கே?

மாணவியர் செய்த கருவிகளில் ஏதாவது தப்பா? இல்லவே இல்லை. தப்பு ராக்கெட்டின் பக்கம். அதுவும் எரிபொருளில் இல்லை, இயந்திரத்தில் இல்லை. கேட்டால் வியப்பாக இருக்கும்.

பஸ்ஸில் போகிறோம். ஒரு பெரிய பள்ளத்தில் 'தடால்' என்று சக்கரம் இறங்கி ஏறுகிறது. வேகம் காட்டும் முள் ஒரு கணம் தாறுமாறாக ஆடுகிறது. உடனே டிரைவர், "முள் கெட்டுப்போய்விட்டது, இனி இதைப் பார்க்கவே மாட்டேன்" என்று முடிவு செய்து, குத்துமதிப்பாக ஓட்டினால் எப்படி இருக்கும்?

அதேதான் நடந்தது. இரண்டாம் அடுக்கு பிரிந்தபோது ஓர் அதிர்வு. மிகக் குறுகிய நேரம்தான். ஆனால், எதிர்பார்த்ததைவிடப் பலமானது. ராக்கெட்டின் வேக மாற்றத்தை அளக்கும் உணரிகள் அந்தக் கணத்தில் தடுமாறின. ராக்கெட்டில் இருந்த கணினி, "உணரிகள் பழுது" என்று முடிவு கட்டியது. "பழுதானால் இப்படிச் செய்" என்று முன்பே எழுதி வைத்திருந்த அவசர வழிக்கு மாறியது. உண்மையில் உணரிகள் உடனே சரியாகிவிட்டன! அவசர வழியில் போனதால், கடைசியில் வேகத்தைச் சரிசெய்ய வேண்டிய சிறிய இயந்திரம் தன் வேலையைச் செய்யவில்லை. கிடைக்காமல் போன வேகம், தேவையான வேகத்தில் நூற்றில் ஒரு பங்கு அளவுதான். அதற்கே அத்தனையும் போயிற்று.

"இப்படி நடந்தால் இதைச் செய்" என்பது என்ன? நிரல்தான். திருமங்கலத்து மாணவியர் தங்கள் சின்னப் பலகைக்கு எழுதியதும் அதே மாதிரியான வரிகளைத்தான். ஆகவே இஸ்ரோ என்ன சொல்கிறது என்பது, அந்த 750 பேருக்கு நம்மைவிட வேகமாகப் புரிந்திருக்கும்.

இஸ்ரோ இரண்டு வேலை செய்தது. அடுக்குகள் பிரியும்போது அதிர்வு குறையும்படி பிரிக்கும் அமைப்பை மாற்றியது. உணரி ஒரு கணம் தடுமாறினால் அவசரப்பட்டு முடிவு கட்டாமல் கொஞ்சம் பொறுத்துப் பார்க்கும்படி கணினிக்குச் சொல்லிக் கொடுத்தது. மாணவியர் பக்கமும் சும்மா இருக்கவில்லை. 'ஆசாதிசாட்-2' தயாரானது. இந்த முறை எடை 8.7 கிலோ. முதல் முறையைவிடக் கொஞ்சம் குண்டு!

2023 பிப்ரவரி 10, வெள்ளிக்கிழமை. அதே ஸ்ரீஹரிகோட்டா. அதே எஸ்.எஸ்.எல்.வி., இரண்டாவது பயணம். நேரமும் அதே 9.18! இஸ்ரோவின் இ.ஓ.எஸ்-07, அமெரிக்க நிறுவனம் ஒன்றின் ஜானஸ்-1, கூடவே ஆசாதிசாட்-2. முதல் அடுக்கு, இரண்டாம் அடுக்கு, மூன்றாம் அடுக்கு... கடைசியாக அந்தச் சின்ன இயந்திரம். இந்த முறை அது வேலை செய்தது. சுமார் 15 நிமிடத்தில் மூன்றும் 450 கிலோமீட்டர் உயரத்தில், வட்டப் பாதையில்!

வெள்ளிக்கிழமை காலை 9.18 என்றால் பல பள்ளிகளில் வழிபாடு முடிந்து, வருகைப் பதிவேட்டை எடுக்கும் நேரம். அன்றைய செய்தித் தாள் ஏற்கெனவே வாசித்து மடிக்கப்பட்டிருக்கும். இந்தச் செய்தி அடுத்த வழிபாட்டுக்குத்தான் வந்திருக்கும்.