கணிப்பொறி மாற்றமும் சங்கக் கணக்கும்

முன்னாளில் சங்கத்தின் பேரேடுகள் பீரோவில் இருந்தன; காரியாலயம் மாறினால் அவற்றைக் கட்டி எடுத்துச் சென்றோம். இன்றோ பங்குத் தொகை, கடன் தவணை, நூல் இருப்பு, நெசவுக் கூலி யாவும் கணிப்பொறியில் அடங்கியுள்ளன. விண்டோஸ் 10-க்குரிய வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாப்ட் கம்பெனி 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திவிட்டமையால், புதிய கணிப்பொறி வாங்கும் அவசியம் பல சங்கங்களுக்கு நேர்ந்துள்ளது. வாங்கத் தீர்மானம் நிறைவேற்றுதல் எளிது. பழையதில் உள்ளவற்றைப் பழுதின்றிக் கொண்டுசேர்ப்பதே பொறுப்பு மிக்க காரியம்.

முதற்கண் ஜாபிதா ஒன்று தயாரித்தல் வேண்டும். கடிதங்களும் பட்டியல்களும் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இருக்கும். கணக்கு மென்பொருளின் விவரங்களோ அதற்கென உள்ள தனி இடத்தில் இருக்கும். அவற்றை அம்மென்பொருளின் காப்புநகல் வசதியைக் கொண்டே எடுத்தல் நலம். எதையும் நகலெடுக்க வேண்டுமேயன்றிப் பெயர்த்தெடுத்தல் கூடாது.

மின்னஞ்சல் இருவகைப்படும். கடிதங்கள் மின்னஞ்சல் நிலையத்திலேயே தங்கியிருப்பின், புதிய கணிப்பொறியில் கடவுச்சொல் கொடுத்தால் போதும். ஆனால் சரிபார்ப்பு எண் ஓய்வுபெற்ற செயலாளரின் செல்போனுக்குச் செல்லுமாயின் அதனை முன்னரே மாற்றிக்கொள்க. கடிதங்களை இறக்கியபின் மூலம் நீக்கப்பட்டிருப்பின், பழைய கணிப்பொறியில் உள்ளதே ஒரே பிரதி. அவுட்லுக்கில் அது பெரும்பாலும் பி.எஸ்.டி. என்று முடியும் கோப்பாக இருக்கும். அவுட்லுக்கை மூடிய பின்னரே அதை நகலெடுக்க வேண்டும்.

நம் மொழிக்கே உரிய சிக்கல் ஒன்றுண்டு. ஒருங்குறி பரவுமுன் தமிழ் எழுத்துக்களை ஆளுக்கொரு முறையில் அமைத்தனர். 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாடு டாம், டாப் என்னும் முறைகளை வகுத்தது. 2010-இல் தமிழக அரசு ஒருங்குறியை ஏற்றது. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த அங்கத்தினர் பட்டியல், அவ்வெழுத்துரு இல்லாத புதிய கணிப்பொறியில் பொருளற்ற ஆங்கில எழுத்துக்களாகத் தோன்றும். கோப்பு கெடவில்லை, எழுத்துருவே வரவில்லை. ஆகவே எழுத்துருக்களையும் உடன் கொண்டுசெல்க. பின்னர் மாற்றி மென்பொருளால் ஒருங்குறிக்கு மாற்றலாம். இடையிடையே வரும் ஆங்கிலச் சொற்கள் அப்போது சிதையக்கூடுமாதலால், மூலப் பிரதியை நீக்காதிருத்தல் வேண்டும்.

நகல்களை ஒரே அறையில் வைத்தல் தகாது. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியதை மறவோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணூர் முகத்துவாரத்தில் வெள்ளத்தோடு எண்ணெயும் பரவியது. திருவொற்றியூர், இராயபுரம் போன்ற கடலோரப் பகுதிகளின் சங்கங்கள் ஒரு நகலை மாடியிலும், மற்றொன்றை வேறு கட்டடத்திலும் பாதுகாத்தல் அவசியம்.

நகலெடுத்ததோடு வேலை முடிந்ததாகாது. கோப்புகளின் எண்ணிக்கையை ஒப்பிட்டு, ஆண்டுக்கு ஒன்றாகத் திறந்து படித்து, சில அங்கத்தினரின் கணக்கு மீதியைப் பாஸ் புத்தகத்துடன் சரிபார்த்தல் வேண்டும். அடுத்த தணிக்கை முடியும் வரை பழைய கணிப்பொறியைக் கழிக்கலாகாது. கழிக்கும்போது ஹார்டு டிஸ்க்கை முற்றும் அழித்து, அங்கீகாரம் பெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடமே ஒப்படைத்தல் வேண்டும். காயலான் கடையில் எடைக்குப் போட்டால் அங்கத்தினரின் ஆதார், வங்கிக் கணக்கு விவரங்கள் பிறர் கைக்குச் செல்லக்கூடும்.

அடுத்த பொதுக்குழுவில் அங்கத்தினர் கேட்க வேண்டுவன மூன்று: நகல் எத்தனை? எங்கே உள்ளது? திறந்து பார்த்தவர் யார்? கணக்கு நம்முடையதாதலின், கேட்கும் உரிமையும் நம்முடையதே.