காலடியில் ஒளியும் நிழல்
வெதுருகுப்பத்தில் நட்டுப் பார்க்க ஒரு மூங்கில் கோல்

(நமது நிருபர்)

சித்தூர்: “உச்சி வெயிலில் நிழல் காலுக்குக் கீழே” என்று நாம் எல்லாரும் சொல்கிறோம். ஆனால் நிழல் உண்மையிலேயே காலுக்குக் கீழே அடங்குவது வருடத்தில் இரண்டு தடவைதான். சித்தூர், வெதுருகுப்பம், திருப்பதி வட்டாரத்தில் அது ஏப்ரல் 25 முதல் 27-க்குள் ஒரு தடவை, ஆகஸ்ட் 16 முதல் 18-க்குள் இன்னொரு தடவை வருகிறது. இதற்கு ‘நிழல் இல்லா நாள்’ என்று பெயர்.

வடக்கே 23½ பாகை வரையிலும், தெற்கே அதே அளவும் சூரியன் போய்த் திரும்புகிறது. இதற்கு இடைப்பட்ட ஊர்களுக்கு மட்டுமே அது நேர் உச்சிக்கு வரும். நம் வட்டாரம் 13 பாகைக்குச் சற்று மேலே இருப்பதால் போகும்போது ஒரு நாள், திரும்பும்போது ஒரு நாள். டில்லியில் வேலை பார்க்கும் நம்மவர்களுக்கு இந்தக் காட்சி கிடையாது. அங்கே சூரியன் ஒரு நாளும் தலைக்கு நேரே வருவதில்லை.

செல்போனில் சூரியன்

முன்பு இதைக் கணக்கிடப் பஞ்சாங்கமோ வானியல் அட்டவணையோ வேண்டும். இன்று செல்போனே சொல்லிவிடுகிறது. இந்திய வானியல் கழகத்தின் மக்கள் தொடர்புக் குழு இதற்கென்றே ஒரு செயலியை மக்களுக்குக் கொடுத்திருக்கிறது. ஊரைக் காட்டினால் தேதியும் நேரமும் வரும். உலகப் படத்தில் இந்த நிமிஷம் சூரியன் எந்த இடத்துக்கு நேர் உச்சியில் நிற்கிறது என்று புள்ளி வைத்துக் காட்டும் மென்பொருள்களும் உண்டு. அந்தப் புள்ளி நம் வட்டாரத்தைக் கடக்கும்போது மணிக்கு 1,600 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் மேற்கே ஓடுகிறது. எந்த எக்ஸ்பிரஸும் அதைப் பிடிக்க முடியாது!

நேரத்தில்தான் சூட்சுமம்

ஸ்டேஷன் கடிகாரம் 12 அடிக்கும்போது நம் ஊரில் சூரியன் உச்சிக்கு வருவதில்லை. ஒரு காலத்தில் ரயில்வேக்காரர்கள் சென்னை வானாய்வு நிலையத்தின் நேரத்தை வைத்து வண்டி விட்டார்கள். 1906 ஜனவரி 1 முதல் இந்தியா முழுமைக்கும் ஒரே நேரம் வந்தது. அது மிர்சாப்பூர் பக்கம் செல்லும் 82½ பாகைக் கோட்டுக்கு உரியது. நாம் அதற்கு மேற்கே இருப்பதால், ஏப்ரல் கடைசியில் வெதுருகுப்பத்தின் உண்மையான உச்சி ஏறக்குறைய 12 மணி 11 நிமிஷம். ஆகஸ்ட் நடுவில் அதுவே 12 மணி 17 நிமிஷம்.

2023 ஏப்ரல் 25 அன்று பெங்களூரில் நிழல் மறைந்தது 12 மணி 17 நிமிஷத்துக்கு. அந்த ஊர் நேரம் செல்போனில் வருகிறதே என்று அதையே நம்பி இங்கே பிள்ளைகளை வெயிலில் நிறுத்தினால், ஒரு மீட்டர் கோலுக்கு இரண்டரை சென்டிமீட்டர் நிழல் விழுந்து ஏமாற்றமே மிஞ்சும். தேதி ஒரு நாள் தவறினாலோ நிழல் சுமார் 6 மில்லிமீட்டர்தான். ஆகவே நாளைவிட நிமிஷம் முக்கியம்.

கூலி வேலைக்காரர்கள் கவனிக்க

இது வேடிக்கை மட்டும் அல்ல. அன்றைய உச்சியில் எவ்வளவு உயரமான சுவரும் நிழல் தராது. கூரை, மரம், படுதா இவைதான் நிழல். சுவரோரம் உட்கார்ந்து சோறு உண்ணும் சித்தாள்களும் கொத்தனார்களும் இதை மனத்தில் வைக்க வேண்டும். மேஸ்திரிகள் மேலே படுதா கட்டிக் கொடுக்க வேண்டும்.

அதன் பிறகு ஆகஸ்ட் நடு வரை உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. வடக்குப் பார்த்த திண்ணையிலும் நடுப்பகல் வெயில் விழும். நிழல் தெற்கே சாயும். ஜூன் 21 அன்று ஒரு மீட்டர் கோலுக்கு அது சுமார் 17 சென்டிமீட்டர். சூரியன் நேர் உச்சிக்கு வரும் நாளே மிகக் கொடிய வெப்ப நாள் என்று எண்ணிவிடக் கூடாது. தரை சூடேறி, கத்திரி வெயில் மே மாதத்தில்தான் வாட்டுகிறது.

ஊரோடு ஒரு கணக்கு

தெலுங்கில் ‘வெதுரு’ என்றால் மூங்கில். மூங்கில் பெயர் கொண்ட ஊரில் கோலுக்குப் பஞ்சமா? ஒரு மீட்டர் மூங்கிலைச் சமதரையில் தூக்குக்குண்டு பிடித்துச் செங்குத்தாக நடுங்கள். சூரியனை நேரே பார்க்க வேண்டாம். தரையைப் பார்த்தால் போதும்.

அதே நாளில் திருநெல்வேலியில் உள்ள தம்பியையோ அக்காள் மகனையோ போனில் அழைத்து, அந்த ஊர் உச்சி நேரத்தில் அதே அளவு கோலை அளக்கச் சொல்லுங்கள். அங்கே தெற்குப் பக்கமாகச் சுமார் 8 சென்டிமீட்டர் நிழல் இருக்கும். அது நாலே முக்கால் பாகைக் கோணத்தைக் காட்டும். இரண்டு ஊருக்கும் வடக்கு தெற்காக உள்ள தூரம் 500 கிலோமீட்டரைச் சற்றுத் தாண்டும். அப்படியானால் ஒரு பாகைக்கு ஏறக்குறைய 111 கிலோமீட்டர். அதை 360-ஆல் பெருக்கினால் பூமியின் சுற்றளவு 40,000 கிலோமீட்டர் கிடைத்துவிடும்.

பிழைப்புக்காக ஊரை விட்டு வந்த நாம் எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்பதை டிக்கெட்டில் அச்சிட்ட கிலோமீட்டரில்தான் பார்த்திருக்கிறோம். நம் பிள்ளைகள் அதை ஒரு மூங்கில் நிழலில் அளந்து பார்க்கட்டுமே!